தந்தி மேல் வைத்த கை

தகரத்தின் மேல் மழை.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு மேலே ஒரு தகரக் கூரை. அதன் ஒரு பாதி வெறும் தகரம். ஜன்னலை ஒட்டிய மறு பாதியில் கோணிச்சாக்கு விரித்து, பறக்காமல் இருக்க இரண்டு செங்கல் வைத்திருக்கிறது. வெறும் தகரத்தில் விழும் துளி கணீரென்கிறது. சாக்கில் விழும் துளி பொத்தென்கிறது.

ஒரே மழை. ஒரே தகரம். பாதி பாடுகிறது. பாதி வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

சாக்கைப் போட்டது நான்தான். கோவில் பாடகர் குழுவுக்கு வீட்டில் வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த காலத்தில், மழைச் சத்தம் சுருதியைக் கெடுக்கிறது என்று போட்டேன். குழுவை விட்டு விலகி வருடங்கள் ஆன பிறகும், ஒவ்வொரு ஐப்பசியிலும் பழைய சாக்கை எடுத்துவிட்டுப் புதுச் சாக்கு போடுகிறேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டதில்லை.

 

இந்த ஐப்பசியில் சுவர் ஓதம் காத்தது. பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது.

பீரோவின் தலையில், பூப்போட்ட பழைய துவாலையில் சுற்றி, பதின்மூன்றரை வருடமாக ஒன்று படுத்திருந்தது.

உக்குலேலே. கிட்டாருக்குக் கைக்குழந்தை பிறந்தால் இப்படி இருக்கும். நாலே நாலு தந்தி, அதுவும் நைலான். தம்பி டெரன்ஸ் கப்பலில் ஃபிட்டராக இருந்தபோது ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, கடைக்குட்டிக்கு என்று கொண்டுவந்தான்.

கடைக்குட்டி மெரில்டா. எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது இடைவெளி. அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னியது நான். பள்ளிக்கு அனுப்பியது, நர்சிங் படிக்க வைத்தது நான். அவளை அதட்டுகிற உரிமையும் அதோடு சேர்ந்தது என்று இருந்தேன்.

துவாலையைப் பிரித்தேன். உள்ளே தூசி இல்லை. அவ்வளவு இறுக்கிச் சுற்றியிருக்கிறேன். ஒரு தந்தி மட்டும் அறுந்து, சுருண்டு, வெண்டைக்காய்க் காம்பின் நார்போலக் கிடந்தது.

யாரும் தொடாமலே அறுந்திருக்கிறது.

 

மெரில் மஸ்கட்டில் இருக்கிறாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதம் ஒரு கடிதம் அவளுக்கு எழுதுவேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் கடிதம் எழுதியே நாற்பத்தொன்பது வயதான கை இது. எண் போட்டு, தேதி போட்டு, பொருள் பிரித்துத்தான் எழுத வரும்.

முதலாவது, இங்கு யாவரும் நலம். இரண்டாவது, மழை. மூன்றாவது, புதிய பங்குச்சாமியார் வந்திருக்கிறார், பிரசங்கம் சுருக்கம்.

அவள் எழுதமாட்டாள். போனில் குரல் அனுப்புவாள். “யக்கா, ஒன் லெட்டர் வந்துச்சு. மழையா அங்க? இங்க வெயிலு. வச்சிருதேன்.”

இதுவரை நூற்று ஐம்பத்திரண்டு கடிதங்கள். அந்தப் பெரிய வெள்ளியைப் பற்றி ஒன்றிலும் இல்லை. முதலாவதாகவும் இல்லை. பின்குறிப்பாகவும் இல்லை.

 

அந்தப் பெரிய வெள்ளி.

எங்கள் கோவிலில் பெரிய வியாழன் மாலை, வானவர் கீதம் பாடும்போது எல்லா மணியும் ஒருமுறை சேர்ந்து அடிக்கும். அதோடு சரி. இயேசு மரித்த துக்கம். சனிக்கிழமை இரவு ஈஸ்டர் உயிர்ப்புப் பூசை வரைக்கும் மணி கிடையாது. வாத்தியம் கிடையாது. ஆர்மோனியத்துக்கு வெள்ளைத்துணி போர்த்தி முடிச்சுப் போடுவோம். அந்த முடிச்சைப் போடுவது நான். பாடகர் குழுவுக்கு அப்போது நான் பொறுப்பு.

மணிக்குப் பதிலாக மரக்கட்டை. ஒரு பலகை, அதில் ஆடுகிற ஒரு மரச்சுத்தி. கோவில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை அதை ஆட்டிக்கொண்டே நடப்பார். டக். டக். சுருதி இல்லாத சத்தம். அந்த இரண்டு நாளுக்கு அதற்கு மட்டும்தான் அனுமதி.

சிலுவைப்பாதை, மதியம் மூன்று மணி. கோவில் மதிலை ஒட்டி நட்ட பதினான்கு சிலுவைகள். செருப்பில்லாத கால்கள். பங்குனி மணல். ஒரு சிலுவையிலிருந்து அடுத்த சிலுவைக்கு, கட்டைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஊரே நடந்தது.

ஆறாவது சிலுவை தாண்டியதும் சுத்தி கழன்று மணலில் விழுந்தது. கோயில்பிள்ளை குனிந்து தேடினார். கூட்டம் எப்படி நடப்பது என்று தெரியாமல் நின்றது. வெயில் மட்டும் நகர்ந்தது.

அப்போது எனக்குப் பின்னால் கேட்டது. தக். தக்.

மெரில். அந்த நாட்களில் எங்கே போனாலும் உக்குலேலேவைத் துவாலையில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டுதான் போவாள். அன்றும் அப்படித்தான். இப்போது துவாலை தோளில் கிடந்தது. கை தந்தி மேல் இருந்தது. தக். தக். ஊர் அந்தச் சத்தத்துக்குக் கால் எடுத்து வைத்தது.

நான் பார்த்தது தந்தியை. பெரிய வெள்ளியில் தந்தி. என் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. நாலு எட்டில் போய், அவள் கையோடு சேர்த்துத் தந்தி மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

“இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமாட்டி ஒனக்கு?”

என் மறு கையில் மைக் இருந்தது. வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் நான் சொன்னதை மதில் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் சொன்னது.

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள். மீதி எட்டுச் சிலுவைக்கும் ஊர் ஆளுக்கொரு நடையாக நடந்தது.

சாயந்தரம் நானே துவாலையில் சுற்றினேன். நானே நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேல் வைத்தேன். “ஈஸ்டர் வர அங்கனயே கெடக்கட்டும்” என்றேன்.

“சரிக்கா” என்றாள்.

மறு வருடம் மாசியில் மஸ்கட் போனாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கோவிலில் கதவோரம் நிற்பாள். பாட்டு வரும்போது வாய் அசைவதில்லை.

 

சரிசெய்து அவளுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தந்தி வாங்கத் தூத்துக்குடிக்குப் போனேன்.

கடைக்காரர் கேட்டார். “யாருக்கு மேடம், பேத்திக்கா?”

“எனக்கு.” ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கல்யாணமே ஆகாதவளுக்குப் பேத்தியைக் கொடுத்த கோபமாக இருக்கலாம்.

“நல்லது நல்லது. முட்டிக்கு நடைன்னா வெரலுக்கு இது” என்று நாலு தந்தி உள்ள பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார்.

எப்படிச் சுருதி சேர்ப்பது என்று பார்க்கப் போனைத் திறந்தேன். ஒன்று பார்த்தால் அடுத்தது தானாக ஓடுகிறது. ஒரு வெளிநாட்டுப் பெண். மூக்குக்கண்ணாடி. பின்னால் மஞ்சள் சுவர். அவள் ஆங்கிலம் பாதி புரிந்தது. கை முழுதும் புரிந்தது.

சுட்டுவிரல் நகம் நாலு தந்தியையும் மேலிருந்து கீழே வருடியது. வருடிய அதே நொடியில், கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை தந்தி மேல் விழுந்தது. சத்தம் பிறந்தது. பிறக்கும்போதே அடங்கியது. தக்.

தந்தி மேல் கை.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

நான் கோபத்தில் செய்ததை அந்தப் பெண் சிரித்துக்கொண்டே செய்தாள். நான் பாட்டை நிறுத்தச் செய்ததை அவள் பாட்டுக்கு நடுவில், இரண்டாவது தட்டிலும் நாலாவது தட்டிலும், தாளமாகச் செய்தாள். மேலே போன கை கீழே வரும்போது அடைத்தது. அடைத்த கை மறுபடி மேலே போனது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

வெளியே மழை. ஜன்னல் பக்கம் பொத், பொத்.

போனைத் திருப்பினேன். முதலிலிருந்து போட்டேன்.

 

வேலை என்றால் எனக்கு ஒரு நோட்டுப் போட வேண்டும். போட்டேன். முதல் வாரம், வெறுமனே வருடுதல். கீழே, மேலே. கீழே, மேலே. இரண்டாம் வாரம், வருடிக்கொண்டே கையைச் சாய்த்தல். மூன்றாம் வாரம், அடைப்பு. அந்தத் தட்டுக்கு அவர்கள் வேறு பேர் வைத்திருக்கிறார்கள். என் நோட்டில் அது அடைப்பு.

முதலில் வந்ததெல்லாம் அரைகுறை. கை சீக்கிரம் விழுந்தால் சத்தமே இல்லை. தாமதமாக விழுந்தால் தந்தி பேசி முடித்த பிறகு வாயைப் பொத்தின மாதிரி. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். தொடுவதும் தடுப்பதும் ஒரே கை, ஒரே நொடி.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். “எக்கா, மூணு நாளா என்னத்தப் போட்டுச் சொரண்டுதிய? மீனுக்குச் செதிளா?”

“ஆமா.”

“மூணு நாளாவா? திமிங்கிலம் வாங்கினியளோ?”

சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். வெகு நாளாயிற்று இந்த வீட்டில் சிரித்து.

கார்த்திகை. மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு சாயந்தரம். கொல்லைக் கதவில் ஈர வெளிச்சம். விரல் கீழே வந்தது. சதை விழுந்தது.

தக்.

சுத்தமான தக். அதில் சுருதி இல்லை. துளிகூட இல்லை. நைலானும் மரமும் தோலும் மட்டும். மறுபடி. தக். மறுபடி. தக். தக்.

கை நின்றுவிட்டது.

பங்குனி மணல். செருப்பில்லாத கால்கள். தோளில் பூத்துவாலை.

இதேதான். இதே சத்தம்தான் அன்று எனக்குப் பின்னால் கேட்டது. இத்தனை வருடமும் அவள் அன்று ‘வாசித்தாள்’ என்றே எனக்குள் இருந்தது. ஏதோ ராகத்தின் ஒரு துண்டு காதில் விழுந்ததுபோலக்கூட ஒரு நினைவு. அப்படி ஒன்றும் இல்லை. அவள் தந்தியைப் பேச விடவில்லை. தன் கையால் தானே தந்தியின் வாயைப் பொத்திக்கொண்டு, மரக்கட்டை விட்ட இடத்தில் மரக்கட்டையாக நின்றாள். வழக்கம் அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைவிடத் தெரிந்திருந்தது.

அடங்கியிருந்த தந்தி மேல்தான் நான் கையை வைத்திருக்கிறேன். ஏற்கெனவே மௌனமாக இருந்ததைத்தான் அதட்டியிருக்கிறேன். மைக்கில். ஊர் முன்னால்.

அன்று நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

 

தை மாதம் குரல் வந்தது. “யக்கா, இந்தத் தடவ பெரிய வாரத்துல லீவு கெடச்சிருக்கு. வியாழக்கெழம சாயந்தரம் அங்க வாரேன். சனிக்கெழம மத்தியானம் நாகர்கோயில் போவணும். அவுகளும் பிள்ளைகளும் நேரா அங்க வந்துருவாவ. ஈஸ்டரு மாமியா வீட்லதான், சொல்லியாச்சு.”

மூன்று முறை கேட்டேன். மெரில் பெரிய வாரத்தில் ஊருக்கு வருவது, போன பிறகு இதுதான் முதல் முறை.

அவள் வருவதற்குள் கற்றுக்கொள்ள வேண்டும். அவள் அப்போது அடிக்கடி வாசிக்கிற மாதா பாட்டு ஒன்று உண்டு. அதை, அடைப்போடு, தாளம் பிசகாமல், அவள் முன்னால் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்து, அன்றைக்கு நீ செய்தது இதுதான் என்று இப்போது தெரிகிறது, மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். வாயால் மட்டும் சொல்லிவிடலாம். ஆனால் நூற்று ஐம்பத்தைந்து கடிதத்தில் வராதது வாயில் வராது. கை செய்த தப்பைக் கைதான் சொல்ல வேண்டும் என்று இருந்தது எனக்கு.

நோட்டில் கட்டம் போட்டேன். பத்து வாரம். வாரத்துக்கு இரண்டு வரி.

 

மழை போனது. பனி வந்தது. உப்பளங்களில் மறுபடி தண்ணீர் கட்டினார்கள். காலை பஸ்ஸில் போகும்போது பாத்திகள் வரிசையாக வெயிலைப் பிடித்துவைத்திருந்தன.

கை வைப்பது நன்றாக வந்தது. மாசியில் ஸ்டெல்லாவே சொன்னாள். “மீன் இன்னைக்குப் பரவால்லக்கா. கேக்கும்படியா இருக்கு.”

எடுப்பதுதான் வரவில்லை.

அடைத்த கை உடனே மேலே வர வேண்டும். வருகிற வழியில் விரல் தந்தியைக் கீழிருந்து வருடிவிட்டு வர வேண்டும். அந்த மேல்வருடலில்தான் பாட்டு தொடர்கிறது. என் கை விழுந்ததும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. அரை நொடி. அவ்வளவுதான். அந்த அரை நொடியில் பாட்டு செத்துப்போகிறது. அடுத்த வரியை மறுபடி முதலிலிருந்து பிறப்பிக்க வேண்டியிருக்கிறது.

மஞ்சள் சுவர்ப் பெண் இதற்கும் ஒரு பாடம் வைத்திருந்தாள். கை சுடுகிற தோசைக்கல்லைத் தொட்டதுபோலப் பட்டதும் எழ வேண்டுமாம். அவள் தோசைக்கல் என்று சொல்லவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

தோசைக்கல். தோசைக்கல். என் கைக்கு அது சுடவேயில்லை.

 

குருத்தோலை ஞாயிறு. ஓலையைக் கீறிச் சிலுவை முடைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் தோன்றியது.

அவள் வருவது வியாழன் சாயந்தரம். போவது சனி மத்தியானம்.

வியாழன் சாயந்தரம் மணி ஓயும். சனி இரவுதான் மறுபடி அடிக்கும்.

ஓலை கையிலிருந்து விழுந்தது. பத்து வாரம் கட்டம் போட்டவள். எத்தனையோ வருடம் ஆர்மோனியத்துக்குத் துணி கட்டி முடிச்சுப் போட்டவள். மெரில் இந்த வீட்டில் இருக்கப்போகிற ஒவ்வொரு மணி நேரமும் தந்தி தொடக்கூடாத மணி நேரம் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளை எண்ணினேன். நாள் என்ன நாள் என்று பார்க்கவில்லை.

என்ன நாளுன்னு தெரியுமாட்டி ஒனக்கு?

 

பஸ் தாமதம். மணியெல்லாம் அடித்து ஓய்ந்த பிறகுதான் மெரில் வந்து இறங்கினாள். கொஞ்சம் தடித்திருந்தாள். காதோரம் ஒரு நரை. நர்ஸ் கை, நகம் ஒட்ட வெட்டியிருந்தது.

“என்னக்கா, மெலிஞ்சு போயிட்ட?”

“நீ எடுத்துக்கிட்டல்லா.”

சிரித்தாள். அவ்வளவு சுலபமாக இருந்தது. அது எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளி, மூன்று மணி. சிலுவைப்பாதை. மரக்கட்டைக்கு இப்போது இரும்புப் பூண் போட்டிருக்கிறார்கள். டக். டக். ஆறாவது சிலுவை தாண்டும்போது நான் அவளைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. இருவர் காலும் ஒரே தாளத்தில் போயின.

வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். கஞ்சியும் தேங்காய்த் துவையலும். கொல்லைக் கதவு வழியே ஐந்து மணி வெயில் அடுக்களைத் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

நான் உக்குலேலேவை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

“இது இன்னும் இருக்கா?” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

மாதா பாட்டு இல்லை. வருடல் இல்லை. தந்தியைப் பேச விடவில்லை. இடது கையால் நாலையும் லேசாகப் பொத்திக்கொண்டேன். வலது கை கீழே வந்தது. தக். தக். இன்றைக்கு அனுமதி உள்ள சத்தம். எனக்குத் தெரிந்த மன்னிப்பு. தக். தக்.

கேட்டுக்கொண்டே நின்றாள். வெயில் அவள் காலடியில் இருந்தது. பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, என் குரலிலேயே, மைக்கில் பேசுகிற மாதிரி இழுத்துச் சொன்னாள்.

“இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமாட்டி ஒனக்கு?”

என் கை நின்றது.

“நிறுத்தாதக்கா. சும்மா சொன்னேன்.” பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நீ அடிச்சது கட்டைச் சத்தம்ட்டி. எனக்கு வெளங்கல. இப்பத்தான் வெளங்குச்சு. என்னய மன்னிச்சிரு.”

வந்துவிட்டது. வாயிலேயே வந்துவிட்டது.

“அதுவா,” என்றாள் மெரில். “அத அன்னைக்கே விட்டுட்டேன்க்கா. ஊருக்கு முன்னால ஏசினது அழுகையாத்தான் வந்துச்சு. ஆனா ஒனக்கு வெளங்கல, வீட்ல போய்ச் சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்.” ஒரு பருக்கையைத் தரையிலிருந்து விரலால் ஒற்றி எடுத்தாள். “ஈஸ்டர் வரன்னு சொன்னல்லா. ஈஸ்டருக்கு எடுத்துத் தருவ, அப்பம் சொல்லுவோம்னு பாத்துட்டே இருந்தேன்.”



 

இதை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நான் தந்தியைப் பொத்திய அந்த வருடத்து ஈஸ்டர் இரவு எல்லா மணியும் அடித்தது. ஆர்மோனியத்தின் முடிச்சை நான்தான் அவிழ்த்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு போனது. திங்கள், துணி எடுக்கப் பீரோவைத் திறந்தாள். திறந்துவிட்டு, தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் பார்த்ததை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்டால் கொடுத்துவிடுவேன், கேட்கட்டும். சேலையின் அடுத்த மடிப்பைப் போட்டேன்.

பிறகும் பல நாள். பீரோவைத் திறப்பாள். மேலே பார்ப்பாள். நான் வேறு எங்காவது பார்ப்பேன்.

ஒருநாள் துணி எடுத்தபோது அவள் மேலே பார்க்கவில்லை. அதையும் பார்த்தேன். அப்போது தந்தி மேலிருந்த கையை எடுத்திருக்கலாம். அப்போதும் எடுக்கவில்லை.

 

“குடு பாப்போம்,” என்று மெரில் என் மடியிலிருந்து உக்குலேலேவை வாங்கினாள். இடது கை விரல்கள் தந்தி மேல் போய், நின்று, இடம் மாறி, மறுபடி நின்றன. சத்தம் எழுப்பவில்லை. வெறும் விரல்கள் வீட்டைத் தேடின.

“போச்சுக்கா. ஒண்ணும் ஞாபகம் இல்ல.” சிரித்தாள். “தாளம் மட்டும் இருக்கு. வார்டுல மருந்து வண்டியத் தள்ளும்போது கைப்பிடியில தட்டிக்கிட்டே போவேன். ஒரு கெழவரு அத வச்சுத்தான் ஊசி வருதுன்னு கண்டுபிடிச்சு, தூங்குத மாதிரி படுத்துக்கிடுவாரு.”

நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்த இடத்தில் அந்த மாதா பாட்டு இல்லாமல் இருந்தது. அவள் வாசித்த அந்தப் பாட்டு அவள் விரலில் இருந்தது, எனக்குத் தெரிந்து, இந்த உலகத்தில் அந்த இடத்தில் மட்டும்தான் இருந்தது. நான் பத்து வாரம் பழகியது அதன் எலும்பு.

என் மடியில் திருப்பி வைத்தாள். “நீ அடி. இன்னொருக்கக் கேக்கேன்.”

தக்.

“அக்கா. கைய வச்சா ஒடனே எடுக்கணும். நீ வச்சுக்கிட்டே இருக்க.”

தக்.

“பாத்தியா, இப்பயும்.”

நாடி பார்க்கிறவள் பிடிப்பதுபோல, இரண்டு விரலால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை விழுந்தது. அவள் தூக்கினாள். விழுந்தது. தூக்கினாள். வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறும் வரைக்கும்.

 

சனி காலை அவளே துணி துவைத்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் நெடுநேரம் கேட்டது. நான் மாமியார் வீட்டுக்குக் கொடுத்துவிட முறுக்குச் சுட்டேன்.

மத்தியானம் பை கட்டினாள். உக்குலேலேவைத் துவாலையில் சுற்றி நீட்டினேன். கடைசியாக நானே கொடுத்துவிட வேண்டும் என்று, கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்று.

வாங்கினாள். துவாலையைப் பிரித்தாள். துவாலையை மட்டும் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். உக்குலேலேவை அடுக்களைப் பலகை மேல், கைக்கு எட்டுகிற உயரத்தில், சாய்த்து வைத்தாள்.

“இது இங்கயே இருக்கட்டும். அடுத்த லீவுக்கு வந்து நான் கேப்பேன். கேக்கும்போது குடு.”

“கேப்பியா?”

“கேப்பேன்க்கா.”

பஸ் வரை போனேன். ஜன்னல் வழியே கையை ஆட்டினாள். பஸ் கிளம்பிய பிறகும் என் கை தூக்கியபடி இருந்தது. அதை இறக்கத்தான் இப்போது தாமதமானது.

 

வீடு. நாலு மணி. மணி அடிக்க இன்னும் வெகுநேரம்.

மேற்கே கறுத்து வந்தது. பங்குனியில் எப்போதாவது இப்படி ஒரு மழை வரும். உப்பளத்துக்காரர்கள் ஏசிக்கொண்டே ஓடுவார்கள். பலகை மேல் சாய்ந்திருந்த உக்குலேலேவை எடுத்து மடியில் வைத்தேன். வாசிக்க இல்லை. இன்னும் சனி இரவு ஆகவில்லை. உள்ளங்கை பழக்கத்தில் தானாகப் போய்த் தந்தி மேல் உட்கார்ந்தது.

முதல் துளி விழுந்தது.

கணீர்.

ஜன்னல் பக்கம். சாக்குப் பக்கம்.

எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல்லின் மேல், நாலாக மடித்த கோணிச்சாக்கு. அதன் மேல் இரண்டு செங்கல், ஒன்றின் மேல் ஒன்று. தகரம் முழுதும் வெறும் தகரம். சாக்கு கிடந்த பாதி மட்டும் வேறு நிறமாக இருந்தது.

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை அவள். காலையில், துவைக்கும்போது, எடுத்து மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

கையைத் தந்தி மேலிருந்து எடுத்தேன்.

தகரத்தின் மேல் மழை.